தொட்டி மண்

புது மண்ணுக்கு வாசனையே இல்லை. யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். தண்ணீர் தெளித்துப் பார்த்தாயிற்று, வெயிலில் காயவிட்டுப் பார்த்தாயிற்று. கொல்லைக் கதவைத் திறந்தால் மூக்குக்கு ஒன்றுமே எட்டவில்லை. மண் என்றால் இப்படியா இருக்கும்?

அவள் கதவைச் சாத்தினாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

அவர்கள் இருந்த குடியிருப்பு வருவதற்கு முன்னால் அங்கே ராணுவத்தின் பட்டறை ஒன்று இருந்ததாம். போர் முடிந்ததும் உடைந்த விமானங்களின் கடிகாரங்களைக் குவியல் குவியலாகக் கொளுத்தி, அங்கேயே புதைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இருட்டில் மின்னுவதற்காக அவற்றின் முட்களில் ஏதோ பூசியிருந்தார்கள். அந்தப் பூச்சு இத்தனை வருடம் கழித்தும் மண்ணில் சாகாமல் கதிர் வீசிக்கொண்டு கிடக்கிறது என்பது இப்போதுதான் யாருக்கோ உறைத்தது. வீடு வீடாகக் கொல்லையைத் தோண்டி, பழைய மண்ணை மூட்டை கட்டி லாரியில் ஏற்றி, எங்கிருந்தோ கொண்டுவந்த மண்ணைக் கொட்டி நிரவினார்கள். தூசி உள்ளே வராமலிருக்க ஜன்னல்களில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்ததால் பட்டப்பகலிலும் வீட்டுக்குள் பழைய எண்ணெயின் நிறத்தில் ஒரு மங்கல் வெளிச்சம் தேங்கி நின்றது. வெளியே இயந்திரம் உறுமும்போதெல்லாம் தாள் மெல்ல உப்பும், பிறகு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். சுவருக்கு மூச்சு வந்துவிட்டதோ என்றிருக்கும்.

"வெள்ளை மூட்டைங்க அடுத்த வீட்டுக்கு வந்தாச்சு," என்றாள் நாத்தனார், தாளின் ஓரத்தை விலக்கிப் பார்த்து. பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்த கணவனின் அக்கா. "மண்ணையும் மூட்டை கட்டறானுங்க, தங்களையும் தலையிலேருந்து கால் வரைக்கும் மூட்டை கட்டிக்கறானுங்க. நாம மட்டும் நைட்டியோட நிக்கணும். நல்லா இருக்கு நியாயம்!"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. அப்போதெல்லாம் இன்னும் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

இதற்கு முன் உண்டான இரண்டும் தங்கவில்லை. இது தங்கியது. மசக்கை நாளிலிருந்தே அவளுக்குக் கொல்லை மண் மேல் ஓர் ஆசை. செடிக்குத் தண்ணீர் விட்டதும் எழும் வாசனையில் நாக்கு ஊறும், யாரும் பார்க்காதபோது ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுக்கொள்வாள். நாத்தனார் ஒருமுறை பார்த்துவிட்டு, "தின்னா தின்னுட்டுப் போ. நான் சாம்பல் தின்னே என் பையனைப் பெத்தேன்" என்று சொல்லியிருந்தாள்.

அந்த மண்ணை அள்ளிக்கொண்டு போன அன்று குழந்தை அசைவதை நிறுத்தியது.

இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். இனிப்பு தின்று பார்த்தாள். வயிற்றைத் தட்டி, கெஞ்சி, திட்டி, மறுபடி கெஞ்சினாள். கணவனிடம் சொல்ல வாய் வரவில்லை. சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். விடிந்ததும் எழுந்து சமையலறைக்குப் போனவளின் கண்ணில் ரோஜாத் தொட்டி பட்டது. தோண்ட வருகிறவர்கள் உடைத்துவிடுவார்கள் என்று நாத்தனார் முன்கூட்டியே உள்ளே தூக்கி வைத்திருந்தாள். அதிலிருந்தது பழைய மண்.

ஒரு சிட்டிகை. கத்தியின் முனையை நக்கியதுபோல் ஜில்லென்று இரும்புச் சுவை. விழுங்கக்கூட இல்லை. உள்ளே ஒரு தட்டு. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். எல்லாத் தட்டுகளுக்கும் நடுவே ஒரே சீரான இடைவெளி இருந்தது அப்போது தோன்றவில்லை.

நாத்தனார்தான் முதலில் சொன்னாள், விளையாட்டாக வயிற்றில் காதை வைத்து. "என்னடி, உள்ளே கடிகாரம் மாட்டியிருக்கியா?" நாத்தனாரின் சிரிப்பு பாதியில் நின்றது. காதை எடுத்தாள். வயிற்றில் ஊன்றியிருந்த உள்ளங்கையை, சுட்டுக்கொண்டவளைப் போல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு விலகிப் போய்விடுகிறாள்.

சிட்டிகை போதாமல் ஆயிற்று. பிறகு கரண்டி. ரோஜா இலைகளை உதிர்த்து, வேர் தெரிய நின்றது. கொடுக்காவிட்டால் சத்தம் மெலியும். மெலிந்தால் அவளுக்கு உயிர் போய்விடும்.

கதிர்வீச்சை அளக்கிற அம்மா சாயங்காலம் வந்தார். வெள்ளை உடைக்குள் கனிவான முகம், கையில் இஸ்திரிப் பெட்டி அளவில் ஒரு கருவி. வீட்டுக்குள்ளே கடைசி முறையாகச் சரிபார்க்க வேண்டுமாம். கூடத்தில் கருவி எப்போதாவது ஒரு டிக் என்றது. சமையலறையில் அது சடசடவென்று பொரியத் தொடங்கியது.

"இந்தத் தொட்டி எப்படிங்க இங்கே வந்துச்சு?"

"நான்தாங்க கொண்டுவந்தேன். மொட்டு விட்டிருந்துச்சு, பாவமேன்னு..." நாத்தனாரின் குரல் தேய்ந்தது.

இருவர் வந்து தொட்டியை மூட்டைக்குள் இறக்கித் தூக்கிப் போனார்கள். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நைட்டிப் பையில் பொட்டு டப்பா கனத்தது. அதில் ஒரு பிடி பழைய மண் இருந்தது.

கருவி அவள் பக்கம் திரும்பியது.

பொரிகிற சத்தம் நின்றது. அதற்குப் பதில், நிதானமாக, டிக். டிக். டிக்.

அளக்கிற அம்மா புருவத்தைச் சுருக்கினார். கருவியைத் தட்டினார். "மெஷின் ஏதோ மக்கர் பண்ணுது." விசையை அமுக்கினார். சிவப்பு விளக்கு அணைந்தது.

சத்தம் அணையவில்லை.

டிக். டிக்.

நாத்தனார் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஜன்னல் தாள் உப்பவில்லை. வெளியே இயந்திரமும் இல்லை. அந்த டிக் சத்தம் மட்டும்.

"அம்மா." அளக்கிற அம்மாவின் குரல் மிக மெதுவாக வந்தது. "வெளியே வண்டி நிக்குது. பயப்படாதீங்க. என்கூட கொஞ்சம் வாங்க. டாக்டர் இருக்காங்க."

"எடுத்துடுவீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"அவங்ககூட போயிடும்மா," என்றாள் நாத்தனார் அழுகையோடு. "என் தம்பிக்கு நான் சொல்லிக்கறேன். நீ போயிடு. அது... அது புள்ளை இல்லடி."

அவள் டப்பாவைத் திறந்தாள். எல்லாரும் பார்க்க, இருந்ததையெல்லாம் வாயில் கொட்டிக்கொண்டாள். பற்களுக்கிடையே நறநறத்தது. விழுங்கினாள்.

சத்தம் வலுத்தது. நைட்டியின் துணி வயிற்றின் மேல் இழுபட்டது. உள்ளிருந்து ஏதோ எழும்பியது. குதிகால் இல்லை. முழங்கை இல்லை. மெல்லியது. நீளமானது. நேரானது. தொப்புளிலிருந்து விலா வரை தோலைத் தூக்கி நின்றது. பிறகு ஒரு டிக்குக்கு ஒரு நகர்வாக, இடமிருந்து வலம், வட்டமாகச் சுற்றத் தொடங்கியது. துணிக்கு அடியில் வெளிர்பச்சையாக ஒரு மினுக்கம்.

அவள் இரண்டு கைகளாலும் அதைப் பொத்திக்கொண்டாள்.

"நான் வரலைங்க," என்றாள், தூங்குகிற பிள்ளை விழித்துவிடக் கூடாதே என்கிற குரலில்.