பின் இருக்கையில் குளிரவில்லை

காரின் முன் இருக்கையில் லெஸ்டரின் பக்கத்துக் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டுத் திரும்பியபோதுதான், பின் இருக்கையின் இடப்பக்கக் கண்ணாடியும் வெளுத்திருப்பதை அர்லீன் பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்கு, வட்டமாக, யாரோ முகத்தைக் கிட்டத்தில் வைத்து மூச்சு விட்டது போல. பின்னால் இருந்த மற்றக் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அதன் வழியே உறைந்த ஏரியும், கரையில் மஞ்சள் விளக்கு சுழல நின்றுகொண்டிருந்த பனி தள்ளும் லாரியும் தெரிந்தன.

முன்னால் உட்கார்ந்தவனின் மூச்சு பின்னால் போய்ப் படியுமா என்று யோசித்தாள். யோசிப்பதற்கே அலுப்பாக இருந்தது. 1957-ல் செய்த வண்டி. எங்காவது ரப்பர் தேய்ந்திருக்கும், ஈரம் உள்ளே வந்திருக்கும். உடம்பை முறுக்கி, கையை நீட்டித் துடைத்தாள். துணி நனைந்தது. நனைந்த இடம் வெதுவெதுப்பாக இருந்தது. வீடு வந்து சேரும் வரை அந்த வெதுவெதுப்பு அவள் விரல் நுனியிலேயே இருந்தது.

அவளுக்கு அறுபத்தொன்பது வயது. கணவன் லெஸ்டருக்கு எழுபத்திரண்டு. ஆறு வருடங்களுக்கு முன் ஒரு காலை, காப்பிக் கோப்பையோடு அடுக்களைத் தரையில் விழுந்தவன், வலக்கையும் வலக்காலும் பேச்சும் போய்த்தான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினான். அவனிடம் மிஞ்சியது ஒரே ஒரு சொல். ‘சரி.’ பசிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். இரவில் இரண்டு மணிக்கு ஒரு தடவை அவனைப் புரட்டிப் போட வேண்டும். நான்கு மணிக்கு மறுபடியும். ஆறு வருடமாக அவள் ஓர் இரவை முழுசாகத் தூங்கவில்லை.

அந்த ஊரில் கார் செய்யும் வின்ஸ்லோ கம்பெனி நூற்றுப் பதினைந்து வருடம் இருந்தது. லெஸ்டரின் அப்பா ஸ்டான் அங்கே இருக்கை தைத்தார். லெஸ்டர் இருபத்தொன்பது வருடம் கதவு பொருத்தினான். தெருவில் போகும் வின்ஸ்லோவின் கதவை யாராவது அறைந்து சாத்தினால், திரும்பிப் பார்க்காமலே அது எந்த வருடத்து வண்டி என்று சொல்லிவிடுவான். இப்போது ஆலை இருந்த இடத்தில் கம்பி வேலியும் பனியும்தான். வண்டிகள் வேறெங்கோ தயாராகின்றன. ஆனால் ஊரில் பாதி வீடுகளின் கொட்டகையில் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு பழைய வின்ஸ்லோ இன்னும் கிடக்கிறது. லெஸ்டருடையது வெளிர் பச்சை. ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூட ஆசிரியையிடம் 1991-ல் வாங்கியது.

குளிர்காலத்தில் அந்த வண்டிகளை யாரும் வெளியே எடுப்பதில்லை. சாலையில் கொட்டும் உப்பு தகரத்தைத் தின்றுவிடும். அர்லீன் எடுத்தாள். ஞாயிறு மதியம் ஒரு மணி நேரம் அந்த வண்டியில் ஏரிக்கரை வரை கூட்டிப்போனால், அன்றைக்கு இரவு லெஸ்டர் முனகாமல் தூங்குவான். அவளும் மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் கண்ணை மூடுவாள்.

புதன்கிழமை வேர்ன் டாலி வந்தான். லெஸ்டரோடு ஆலையில் வேலை பார்த்தவன்; இப்போது வின்ஸ்லோ உரிமையாளர் சங்கத்தின் செயலாளர். கொட்டகையில் குனிந்து வண்டியின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உச்சுக்கொட்டினான்.

“உப்பு ரோட்ல இதை ஓட்டறவ இந்த மாநிலத்துலயே நீ ஒருத்திதான் அர்லீன். பேசாம சுத்தியலை எடுத்து நாலு போடு போட்டுடேன். சீக்கிரம் முடிஞ்சுடும்.”

“ஞாயித்துக்கிழமை மட்டும்தான் அவன் தூங்கறான், வேர்ன். துருப்பிடிச்சா பிடிக்கட்டும்.”

அதற்கு மேல் அவன் கேலி பேசவில்லை. பின் கதவின் ரப்பரை விரலால் தடவிப் பார்த்து, புதுசு போல் இருக்கிறது, ஒரு கீறல்கூட இல்லை என்றான். பிறகு வந்த காரியத்தைச் சொன்னான். கம்பெனியின் ஆண்டு விழாவுக்குச் சங்கம் ஒரு புத்தகம் போடுகிறதாம். ஒவ்வொரு பழைய வண்டியின் கதையும் வேண்டுமாம். வின்ஸ்லோக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: வண்டியோடு ஒரு ஏடு இருக்கும், கை மாறும்போது அதுவும் சேர்ந்து கை மாறும். ஒவ்வொரு உரிமையாளரும் எண்ணெய் மாற்றியது, போன ஊர், பட்ட பாடு எல்லாவற்றையும் அதில் எழுதிவைப்பார்கள். அதைப் பார்த்து ஒரு பக்கம் எழுதிக் கொடு என்றான்.

அன்று பிற்பகல் லெஸ்டர் சக்கர நாற்காலியில் தலை சாய்ந்து கிடக்க, அடுப்பில் கோழி சூப் கொதிக்க, அடுக்களை மேசையில் அந்த ஏட்டை விரித்தாள். முதல் உரிமையாளர் எமர்சன் லண்ட் என்ற பல் மருத்துவர். மணி மணியான கையெழுத்து. டயர், பெட்ரோல், மேப்பிள் பாகு வாங்கப் போன பயணம். 1965 ஜனவரியில் ஒரு வரி: ‘பின் இடது கண்ணாடியில் ஆவி படிகிறது. ரப்பர் மாற்றினேன்.’ அடுத்த வாரம்: ‘மறுபடியும்.’ பிப்ரவரியில்: ‘அம்மா பின் இருக்கைதான் வேண்டும் என்கிறாள்.’ மார்ச்சில்: ‘அம்மா பின்னால் உட்கார்ந்தாள். குளிரவில்லை என்றாள்.’ அதற்குப் பிறகு, வண்டி விற்கப்பட்ட தேதி மட்டும்.

இரண்டாவது உரிமையாளர் கோரா வென்ட்வொர்த், அந்த ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளாதவள். போரில் கால் இழந்த தம்பி லாயிடை வைத்துக் காப்பாற்றியவள். இருபத்தைந்து வருடம் அவளுடைய சாய்ந்த எழுத்து ஓடியது. கடைசிப் பக்கத்தில்: ‘லாயிட் மூன்று வாரமாகக் கேட்கிறான். நான் மிகவும் களைத்திருக்கிறேன்.’ அதற்குக் கீழே: ‘லாயிட் பின்னால் உட்கார்ந்தான். குளிரவில்லை என்றான்.’

அர்லீன் எழுந்து அடுப்பை அணைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். அடுத்த பக்கம் அவளுக்குத் தெரிந்த கையெழுத்து. கட்டை கட்டையாக, பென்சிலை அழுத்தி எழுதும் லெஸ்டரின் எழுத்து. 1993 நவம்பர். ‘அப்பா பின்னால் உட்கார்ந்தார். குளிரவில்லை என்றார்.’

அந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. நுரையீரல் புற்று முற்றி, ஒரு வருடமாக ஸ்டான் அவர்கள் வீட்டு முன்னறையில் கிடந்து இருமினார். டாக்டரிடம் காட்டிவருகிறேன் என்று லெஸ்டர் கூட்டிப்போனான். தனியாகத் திரும்பினான். வழியிலேயே போயிட்டார், தூங்கறாப்ல இருந்தது என்று சொன்னான். பிறகு மேசையில் உட்கார்ந்து, இரண்டு தட்டு மாட்டிறைச்சிக் குழம்பைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, பதினான்கு மணி நேரம் தூங்கினான். துக்கம் சிலரை இப்படியும் ஆக்கும் என்று அப்போது அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஏட்டை மூடினாள். நிமிர்ந்தபோது லெஸ்டர் விழித்திருந்தான். அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியதும் அவள் முதலில் பின்னால்தான் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடி வெளுத்திருந்தது. அவள் பார்க்கப் பார்க்க அந்த வட்டம் சுருங்கியது. மறுபடியும் விரிந்தது. அவசரமே இல்லாமல், நன்றாக ஓய்வெடுக்கும் ஒருவரின் மூச்சு போல. இருக்கையின் பழைய கம்பளித் துணியிலிருந்து ஒரு வாசனை எழுந்து முன்னால் வந்தது. கெட்ட வாசனை இல்லை. விடியும் நேரத்தில், போர்வைக்கடியில், ஆழ்ந்து தூங்கும் உடம்புக்கு இருக்குமே, அந்த வாசனை. அவளுக்குக் கண் செருகியது.

“பின்னாடி,” என்றான் லெஸ்டர்.

ஆறு வருடத்தில் அவன் சொன்ன இரண்டாவது சொல் அது.

வண்டியைக் கிளப்பினாள். வீட்டுக்கு வந்து கொட்டகையைப் பூட்டினாள். இனி அதை எடுப்பதில்லை என்று முடிவு செய்தாள். அடுத்த இரண்டு ஞாயிறும் எடுக்கவில்லை. லெஸ்டர் தூங்கவில்லை. இரவு முழுக்க, சுவரைப் பார்த்து, களைக்காமல் அந்த ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தான். பின்னாடி. பின்னாடி. மகள் ஜோலீன் டொலிடோ நகரிலிருந்து போனில் அழைத்தாள். அப்பாவை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கும் பேச்சை மறுபடி எடுத்தாள். தன் அம்மாவை அப்படி ஓரிடத்தில் விட்டபோது லெஸ்டர் அழுததையும், தன்னை மட்டும் அப்படி அனுப்பிவிடாதே என்று வாக்கு வாங்கியதையும் அர்லீன் மகளிடம் சொன்னதில்லை.

“அம்மா, நீ எப்படி இருக்கே? அதைச் சொல்லு முதல்ல.”

“இருக்கேன்டி,” என்றாள் அர்லீன். 

வியாழன் விடியற்காலை அவனைப் புரட்டும்போது அவள் முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது. இருவருமாகத் தரையில் விழுந்தார்கள். எழ முடியவில்லை. அவள் கூப்பிட்டது கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து தூக்கும்வரை இரண்டு மணி நேரம், குளிர்ந்த மரத் தரையில், அவன் வாய் அவள் காதோரம் இருக்க, அந்தச் சொல்லைக் கேட்டபடி கிடந்தாள்.

ஞாயிறு பிற்பகல் கொட்டகையைத் திறந்தாள்.

வழவழப்பான பலகையில் அவனை நகர்த்தி முன் இருக்கையில்தான் உட்காரவைத்தாள். நாலு மணிக்கே வெளிச்சம் சாம்பலாகியிருந்தது. சக்கரத்துக்கடியில் உப்பும் பனிக்கூழும் நெரிபட்டன. சூடேற்றியின் விசிறி சன்னமாகக் கிறீச்சிட்டது. ஏரிக்கரையில் யாரும் இல்லை. நிறுத்தினாள். லெஸ்டர் அவள் பக்கம் திரும்பினான். அவன் கண்ணில் கெஞ்சல் இல்லை. பொறுமை இருந்தது. கதவு பொருத்தும் வரிசையில் அடுத்த வண்டி வருவதற்குக் காத்து நிற்பவனின் பொறுமை.

“பின்னாடி.”

“அங்க என்னடா இருக்கு?” என்று கேட்டாள். கல்யாணம் ஆன புதிதில் கூப்பிட்டதுபோல ‘டா’ வந்துவிட்டது. அவன் இடக்கையால் அவள் கன்னத்தைத் தொட்டான்.

அவள் இறங்கினாள். பலகையை எடுத்தாள். சக்கர நாற்காலிக்கு மாற்றி, பனியில் தள்ளி, வலப்பக்கப் பின் கதவைத் திறந்தாள். வெப்பம் வந்து முகத்தில் பட்டது. சூடேற்றியின் காய்ந்த வெப்பம் அல்ல அது. ஈரமான வெப்பம். லெஸ்டர் பலகையின் மேல் தானாகவே வழுக்கிப்போனான். எண்பது கிலோ உடம்பு, அந்தப் பக்கமிருந்து யாரோ கை கொடுத்ததுபோல, எடையே இல்லாமல் உள்ளே போனது. கட்டம் போட்ட கம்பளியை அவன் மடியில் போர்த்தி, இரண்டு பக்கமும் இறுக்கிச் செருகினாள். கதவைச் சாத்தினாள். 1957-ஆம் வருடத்து வண்டிக்கு இருக்கும் அதே சத்தம்தான்.

தான் செய்வது என்னவென்று அவளுக்குத் தெரியும். தெரியாது என்று தனக்குள்ளே சொல்லிக்கொள்ளவும் தெம்பில்லை.

திரும்பி ஓட்டினாள். பின்னால் பார்க்கும் கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டாள். தேவாலயம் கடந்தது. ஆலை வேலி கடந்தது. வெளியே பனி விழத் தொடங்கியது.

பின்னால் லெஸ்டர் சிரித்தான். மெல்லிய சிரிப்பு, யாரோ காதில் ஏதோ சொன்னதற்குச் சிரிப்பது போல.

“அர்லீன்,” என்றான். நாக்குக் குழறாமல், தெளிவாக, ஆறு வருடங்களுக்கு முந்தைய குரலில். “இங்க குளிரல.”

அவள் கை ஸ்டியரிங்கை இறுக்கியது.

“லெஸ்டர்?”

விசிறியின் சத்தம். துடைப்பானின் சத்தம். அந்தத் தூக்க வாசனை.

“லெஸ்டர்.”

மூச்சுச் சத்தம் கேட்டது. ஒருவருடையது. ஒருவருடையது மட்டும். யாருடையது என்று கேட்டுப் பார்க்கத் துணிவில்லை. இன்னும் மூன்று தெரு. இரண்டு. அஞ்சல் பெட்டி. வாசல்.

இன்ஜினை அணைத்தாள். விசிறி நின்றது. மூச்சு நிற்கவில்லை.

முன்னால் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமென்று தெரியாது. பிடரியில் வெப்பம் பட்டது. போனது. பட்டது. போனது. அத்தனை பயத்திலும் அவள் இமைகள் கனத்தன. அதுதான் அவளை உலுக்கியது. இறங்கினாள். வண்டியைச் சுற்றி நடந்து வலப்பக்கம் வந்தாள்.

லெஸ்டரின் பக்கத்துக் கண்ணாடி தெளிவாக இருந்தது. அவன் மூக்கு கண்ணாடியில் அழுந்தியிருந்தது. வாய் பாதி திறந்திருந்தது. கழுவித் துடைத்து வைத்தது போல, ஒரு துளி ஆவிகூட அதில் இல்லை.

அவனுக்கு அப்பால் இருந்த கண்ணாடி முழுக்க வெளுத்திருந்தது. மேலிருந்து கீழ் வரை. சுருங்கியது. விரிந்தது.

கம்பளி லெஸ்டரின் மடியில் இல்லை. ஆள் இல்லாத அந்த இடப்பக்கத்து இருக்கையில் இருந்தது. இரண்டு முழங்கால்களின் மேல் போர்த்தியது போல் மேடாக நின்றது. இரண்டு பக்கமும் இறுக்கமாக, கவனமாக, செருகப்பட்டிருந்தது.