ஏழாவது கம்பம்

காலை பத்து மணிக்குச் சோதனைத் தளத்துக்குள் காரைத் திருப்பினேன். குறுக்கே ஆள் வந்தால் கார் தானாகப் பிரேக் பிடிக்கிறதா என்று ஓட்டிப் பார்ப்பது என் வேலை. ஒரு ரப்பர் பொம்மையைக் குறுக்கே இழுப்பார்கள். நான் ஐம்பதில் போவேன், பிரேக்கைத் தொடமாட்டேன். கேமரா ஆளைக் கண்டால் திரையில் சிவப்புப் பெட்டி விழும், பக்கத்தில் உயரம் சென்டிமீட்டரில் தெரியும்.

அன்றைக்குப் பொம்மையை இன்னும் இறக்கவில்லை. வெறும் பாதை. சுள்ளென்று வெயில்.

ஏழாவது கம்பத்தருகே கார் கிறீச்சிட்டு நின்றது. திரும்பி வந்து மறுபடி ஓட்டினேன். மறுபடி அதே இடம்.

சிவப்புப் பெட்டி. உயரம் நூற்று எழுபத்திரண்டு.

காலி இடத்தில் கார் இப்படி நின்றால் எங்கள் ஆட்கள் பேய் பிரேக் என்று கிண்டலடிப்பார்கள். அன்று ஒருத்தரும் கிண்டலடிக்கவில்லை. போன வருடம் அந்தக் கம்பத்தருகே பொம்மையை நிமிர்த்திக்கொண்டிருந்த என் அண்ணன் மேல்தான் சோதனைக் கார் ஏறியது. பிரேக் பிடிக்கவில்லை. அவன் கவனமில்லாமல் குறுக்கே வந்தான் என்று மேலாளர் அறிக்கை எழுதினார். செத்தவன் எழுந்து வந்து இல்லையென்றா சொல்லப் போகிறான்? அதைப் படித்த நாளிலிருந்து அம்மா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அண்ணன் உயரம் நூற்று எழுபத்திரண்டு.

மேலாளர் மடிக்கணினியோடு வந்தார். அந்த இடத்தில் எது தெரிந்தாலும் கண்டுகொள்ளாதபடி காரின் மென்பொருளை மாற்றி வைத்தார். இனி நிற்காது, ஓட்டிவிட்டுக் கையெழுத்தைப் போடு என்றார்.

ஓட்டினேன். கம்பம் நெருங்க நெருங்க, அண்ணன் எப்போதும் வாயில் அடக்கியிருக்கும் கிராம்பின் வாசனை காருக்குள் ஏறியது.

கார் நின்றது.

பெட்டி இந்த முறை திரையை அடைத்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பக்கத்தில்.

எனக்குப் பயம்தான், மறைப்பானேன். அதைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. இறங்கிப் போய்க் கையெழுத்துப் போடாத படிவத்தை அவரிடம் நீட்டினேன்.

"வண்டி சரியாத்தான் பாக்குது சார். நீங்கதான் பாக்க மாட்டேங்கிறீங்க."

வேலை போய்விடும் என்றார். போகட்டும் என்றேன்.

முறைத்துவிட்டுப் போய்த் தன் காரில் ஏறினார். அதிலும் எங்கள் தானியங்கி பிரேக்தான். அலாரம் அலறியது, கார் ஓர் அடிகூட நகரவில்லை. பிரேக் அமைப்பையே அணைத்துப் பார்த்தார். அப்போதும் நகரவில்லை. முன்னாலிருந்து விலகு என்று கத்தினார்.

நான் அவர் ஜன்னலோரம் நின்றிருந்தேன்.

குனிந்து திரையைப் பார்த்தேன். சிவப்புப் பெட்டி. அதே உயரம்.

"அறிக்கையை மாத்தி எழுதுங்க சார். அண்ணன் வழிவிடுவான்."

அவர் முகம் வெளிறிப்போனது. குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"அன்னைக்கும் நான்தான் இந்த பிரேக்கை ஆஃப் பண்ணி வச்சிருந்தேன். அவன்கிட்ட சொல்லலை."

"அதையே எழுதுங்க."

படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அலாரம் சட்டென்று அடங்கியது.

அம்மாவிடம் காட்ட அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டு என் காரில் ஏறி பெல்ட்டை மாட்டினேன். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. ஆனால் அந்த இருக்கைக்கான பெல்ட் மணி விடாமல் அடித்தது.

"பெல்ட்டைப் போடுண்ணா. வீட்டுக்குப் போலாம்."

கொக்கி மாட்டும் சத்தம் கேட்டது. மணி நின்றது.