மூன்றாவது அழைப்பு

மதியம் இரண்டரைக்கு மழையோடு கரண்டும் போன நேரத்தில் அம்முலுவின் போன் ஒருமுறை அதிர்ந்தது. திரையில், 'சௌமியா உங்கள் நண்பராக விரும்புகிறார்.'

சௌமியா அவளுடைய ஒரே பெண். மானாம்பதி ஏரிக்கரைத் திருப்பத்தில் வண்டியோடு தண்ணீரில் விழுந்தவளை மறுநாள்தான் எடுத்தார்கள். நாற்பத்தொரு நாள் ஆகிறது.

மாட்டுக்கொட்டகையில் இருந்த கணவனுக்குக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, பாப்பா போன எட்த்தீங்களா?"

"ஒடஞ்ச போன எடுத்து இன்னா பண்ணப் போறேன்? பீரோவுலதான் கீது. சாவி உன்னாண்டதான கீது," என்றார் வேதகிரி.

சாவி இடுப்பில்தான் இருந்தது.

புத்தகம் படிக்கிறவர்கள் கூடுகிற செயலி அது. அங்கே இருவரும் சம்மதித்தால்தான் நட்பு. அதுவரை பெயர் மட்டும் தெரியும். சம்மதித்துவிட்டால், அவரவர் குறித்துவைப்பதை வைத்து, யார் எந்தப் புத்தகத்தில் எத்தனையாவது பக்கம் என்பதுவரை காட்டிக்கொடுத்துவிடும். எட்டாவதோடு நின்ற அம்முலுவுக்கு ஒரு நாளில் நான்கு பக்கம் நகர்ந்தாலே பெரிய காரியம். காலேஜ் படிக்கிற பெண் பார்த்துச் சிரிப்பாளே என்று வெட்கப்பட்டு, சௌமியா அனுப்பிய இரண்டு அழைப்புகளையும் தள்ளிவிட்டாள். கூடவே படிக்கத்தான் பெண் ஆசைப்பட்டாள் என்கிற புத்தி இப்போது வந்து என்ன பயன்?

ஹாஸ்டலிலிருந்து கடைசியாகப் பேசியபோதும் அதைத்தான் கேட்டாள்.

"ரெண்டு வாட்டி கூப்ட்டேன், நீ தொறக்கல. மூணாவது வாட்டி கூப்ட்டாதான் பதிலா? நான் இன்னா பேயாம்மா?"

வாசலில் யார் கூப்பிட்டாலும் மூன்றாம் முறைக்குப் பிறகே பதில் சொல்வது அந்த வீட்டு வழக்கம். பேய்க்கு மூன்றாவது முறை கூப்பிட வராதாம்.

அம்முலு விரல்விட்டு எண்ணினாள். இது மூன்றாவது.

அழுதுகொண்டே 'ஏற்கிறேன்' என்பதை அழுத்தினாள்.

'சௌமியா படித்துக்கொண்டிருக்கிறார்' என்று வந்தது. அம்முலுவின் மடியில் விரிந்திருந்த அதே நூலகப் புத்தகம்தான். அம்முலு நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் இருந்தாள். சௌமியா நூற்றுப் பன்னிரண்டு.

ஓட்டின்மேல் மழை சீராக இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து, பூட்டிய பீரோ இருக்கும் உள்ளறைப் பக்கமாக, நனைந்த காகிதத்தை யாரோ பொறுமையாகப் பிரித்தெடுப்பது போன்ற ஒலியும், கலங்கிய ஏரியின் பாசி வாடையும் சேர்ந்து வந்தன.

நூற்றுப் பதின்மூன்று.

"வந்துட்டியா கண்ணு," என்றாள் அம்முலு.

ஈரக் கால் ஒன்று சிமென்ட் தரையில் ஒட்டிப் பிரிந்தது. இன்னொன்று. பிறகு அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது.

போன் அதிர்ந்தது. நூற்றுப் பதினான்கு.

'சௌமியா உங்கள் பக்கத்தில் இருக்கிறார்.'

அப்போதுதான் அம்முலுவுக்குக் கணக்கு உறைத்தது. முதல் இரண்டு முறையும் கூப்பிட்டது உயிரோடிருந்த பெண். செத்த பிறகு வந்தது இது ஒன்றுதான்.

மழை. பாசி வாடை. பிடரியில் குளிர்ந்த மூச்சு.

திரும்பவில்லை. அவள் தோளைத் தாண்டி ஒரு விரல் வந்து, பக்கத்தின் ஓரத்தைத் தொட்டு, அவள் படித்து முடிப்பதற்காகக் காத்திருந்தது. தண்ணீர் சொட்டியது.

சௌமியாவின் விரல் இவ்வளவு நீளமில்லை.