ஓனுஃப்ரியின் முறைமாடு

ஓனுஃப்ரி செத்தபோது ஊருக்கு வைத்திருந்த கடன் பதினெட்டு டாலர் முப்பத்தைந்து சென்ட்.

அவன் அதைக் காசாக வாங்கவில்லை. கறியாகத் தின்றிருந்தான். புல்வெளி நடுவே வெர்போவா என்ற சிற்றூரில் பதினாறு குடும்பம். கோடையில் கறி மறுநாளே நாறிவிடும். அதனால் வெள்ளிக்குவெள்ளி ஒரு வீட்டு மாடு என்று முறை வைத்து அறுத்துப் பங்கு போடுவார்கள். கொட்டகையில் வீட்டுக்கு ஒரு கொக்கி, கொக்கிக்குப் பங்கு போட்டு வைக்க ஒரு மாவுப் பை. அடுத்தவன் மாட்டில் பங்கு தின்றவன் தன் முறைக்கு மாடு கொடுத்தே தீர வேண்டும். ஓனுஃப்ரியின் முறை கடைசி. அது வருமுன்னே அவன் புரோகோப்பின் கிணற்றை வெட்ட இறங்கி அதற்குள்ளேயே போய்விட்டான்.

மழையில்லாத மூன்றாவது கோடை அது. புல்வெளி முழுக்கப் புழுதி பறந்தது. "தண்ணி காட்டிடு, என் பழுப்புக் காளை உனக்கு" என்று புரோகோப் சொல்லியிருந்தான். அந்தக் காளையையே முறைக்குக் கொடுத்துவிடலாம் என்று ஓனுஃப்ரி கணக்குப் போட்டிருந்தான். நாற்பதடியில் களிமண் சரிந்தது. ஆளை எடுக்க வழியில்லை. மண்ணைத் தள்ளி மூடி, பாதிரியாரைக் கூப்பிட்டு ஜெபம் சொல்லி, மேலே ஒரு சிலுவை நட்டார்கள்.

சரிந்த பிறகு ராட்டினக் கயிறு இரண்டு தடவை சுண்டியது. இரண்டு சுண்டல் என்றால் 'தூக்கு' என்று அர்த்தம். கயிறு புரோகோப்பின் கையில் இருந்தது. காலடியில் மண் நொறுங்கவும் கயிற்றை விட்டுவிட்டு ஓடினான்.

அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

மாடு அறுப்பவனும் புரோகோப்தான். கொட்டகைச் சாவியும் அவனிடம்தான். கடைசி முறைக்கு முந்தின நாள் அவன் ஓனுஃப்ரியின் மனைவி தெக்லாவின் வாசலில் போய் நின்றான். அவளிடம் மிச்சம் ஒரே கறவைப் பசு. இரண்டு பிள்ளைகளுக்கும் அதன் பால்தான் சாப்பாடு. சின்னவளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவனே புரோகோப்.

"முறைன்னா முறைதானே தெக்லா. நானா வச்சேன்? ஊரு வச்சது."

"ஞானத்தகப்பன் பிள்ளைக்குத் துணிமணி கொண்டாருவான்னு கேள்விப்பட்டிருக்கேன். பால் சட்டியப் பிடுங்க வர்றத இப்பத்தான் பாக்கறேன். அவருக்குச் சொன்ன காளை எங்கண்ணே?"

"தண்ணி காட்டினாத்தானே காளை? கிணறு முடியலையே."

தெக்லா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவரு அங்கதான் கிடக்காரு. முடிச்சுக் குடுத்துட்டு வாய்யான்னு போய்ச் சொல்லுங்க."

புரோகோப் பசுவை அவிழ்த்தான். சின்னவள் வேலி வரைக்கும் அதன் பின்னாலேயே நடந்து வந்தாள். பசுவைக் கொட்டகைக்கு வெளியே கம்பத்தில் கட்டி, கத்தியைத் தீட்டி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு அவன் வீட்டுக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை கிழக்கு வெளுக்கும்போது தராசு பிடிக்கும் கிழவன் குன்வால்ட் அவனுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தான்.

"ஏம்பா, ராத்திரி மழையா? மண் வாசனை தூக்குதே."

"மழையா? உனக்குப் பல்லு மறுபடி முளைக்கும், இங்க மழை பெய்யாது."

சொன்ன பிறகுதான் புரோகோப்புக்கும் அந்த வாசனை தட்டியது. ஈரக் களிமண். ஆழத்து மண்ணின் குளிர்ந்த வாசனை. கொட்டகைக் கதவின் இடுக்கிலிருந்து வந்தது.

பசு அசைபோட்டுக்கொண்டு நின்றது.

பூட்டு பூட்டியபடியே இருந்தது.

அவன் சாவியைத் திருப்பினான்.

உள்ளே ஒரு ஈ இல்லை. சொட்டுச் சொட்டென்று ஒரு சத்தம் மட்டும். பதினாறு கொக்கியிலும் பைகள் கனத்துத் தொங்கின. ஒவ்வொரு பையிலும் களிமண் விரல்களின் தடம். தரையில் இரத்தம் இல்லை, தண்ணீர்தான் தேங்கிக் கிடந்தது. சுவரில் ஒரு பழுப்புத் தோல் விரித்து அடிக்கப்பட்டிருந்தது. அதில் சூடு போட்ட அடையாளம் புரோகோப்பினுடையது.

"டேய்," குன்வால்ட் கிசுகிசுத்தான். "இது உன் காளைடா."

"பூட்டியிருந்துச்சு. நீயும் பாத்தல்ல?"

"பாத்தேன். பேசாத."

கிழவன் ஒவ்வொரு பையாக எடுத்துத் தராசில் வைத்தான். முள் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தான். பதினைந்து பையும் ஒரே எடை. புரோகோப்பின் பை மட்டும் இறங்கியது. பிரித்துப் பார்த்தார்கள்.

களிமண். சொட்டச் சொட்ட ஈரமாக.

வெயில் ஏறுமுன் ஊர் வந்தது. தோலைப் பார்த்தார்கள், பையை எடுத்துக்கொண்டு போனார்கள். குன்வால்ட் கொட்டகைக் கணக்குப் பலகையில் ஓனுஃப்ரியின் பெயருக்கு எதிரே சுண்ணக்கட்டியால் எழுதியிருந்த தொகையைச் சட்டைக் கையால் துடைத்தான். "குடுத்துட்டான்" என்றான், யாரையும் பார்க்காமல்.

தெக்லா கடைசியாக வந்தாள். தன் பையை எடுத்துக்கொண்டாள். கம்பத்திலிருந்து பசுவை அவிழ்த்தாள். போகிற போக்கில் புரோகோப்பின் பக்கம் திரும்பினாள்.

"கிணறு முடிஞ்சுதாண்ணே?"

அவன் வீட்டுக்கு ஓடினான்.

சிலுவையைக் காணவில்லை. மூடிய மண் உள்வாங்கி, கிணறு வாயைத் திறந்து கிடந்தது. விளிம்பு வரை தண்ணீர். தெளிந்த, கறுத்த தண்ணீர். பட்டியிலிருந்த மாடுகள் எல்லாம் வேலியை முட்டிக்கொண்டு நின்றன. ஒன்றுகூடக் கத்தவில்லை.

மண்ணோடு புதைந்துபோன பழைய கயிறு தண்ணீரிலிருந்து மேலேறி, விளிம்பைத் தாண்டி அவன் காலடி வரை கிடந்தது.

புரோகோப் மண்டியிட்டான்.

"கணக்கு தீந்துபோச்சு ஓனுஃப்ரி," என்று தண்ணீரைப் பார்த்து முணுமுணுத்தான். "பலகையில அழிச்சாச்சு. காளையும் உனக்குத்தான். இனி உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல."

தண்ணீர் அசையவில்லை.

கயிறு ஒரு தடவை சுண்டியது.

பிறகு இன்னொரு தடவை.