இத்தா அறைத் தொலைபேசி

புதன்கிழமை அஸர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் இடையில் சுஹைறாவின் கடை களவு போனது. பூட்டு உடையவில்லை, ஓடு பிரியவில்லை. கடை இருந்ததே சமூக ஊடகத்தில் ஒரு பக்கமாகத்தான்: நாற்பதாயிரம் பேர் பின்தொடர்ந்த, பெண்களின் முழுநீள அங்கி தைத்து விற்கும் ‘சுஹா அபாயா’. உள்ளே போகப் பார்த்தவளிடம் கடவுச்சொல் பிழை என்றது. பக்கத்தின் உச்சியில் அவள் எழுதாத அறிவித்தல் ஒன்று: ‘கணவரின் மறைவால் வியாபாரத்தை நிறுத்திவிட்டேன். மன்னிக்கவும்.’

நோன்பு பிறக்க நாலைந்து நாள்தான் இருந்தது. வருசத்துச் சோறு பெருநாள் தையலில்தான். கணவன் பர்ஹான் மௌத்தாகி மூன்று மாதம். இரண்டு பிள்ளைகளுக்கும் அந்தப் பக்கத்தை விட்டால் வேறு பிடி இல்லை.

வியாழன், காலை 9.10. கல்முனைப் பொலிஸிலிருந்து உப பரிசோதகர் கிருசிகா வந்தாள். காரைதீவுக்காரி, வார்த்தையை அளந்து பேசுகிறவள். பெண் என்பதால் சுஹைறா இத்தா இருந்த அறைக்குள்ளேயே போக முடிந்தது. நான்கு மாதமும் பத்து நாளும் வெளியில் இறங்காமல், அந்நிய ஆண்கள் முன் வராமல் விதவை இருக்கும் காலம் அது.

“போன் யார்ட கையில இருந்திச்சு?”

“என்ட கையிலதான் மிஸ். இந்த அறைய விட்டு வெளிய போகவேயில்ல.”

“நம்பருக்கு வந்த கோட ஆராச்சும் கேட்டாங்களா?”

“கோட் ஒண்டும் வரவேயில்லயே.”

கிருசிகா நெற்றியைத் தடவினாள். வேறொரு தொலைபேசியிலிருந்து பக்கத்துக்குள் நுழைய வேண்டுமானால், முதலில் சுஹைறாவின் இலக்கத்துக்கு இரகசிய எண் வர வேண்டும். தொலைபேசி அறைக்குள், அறைக்குள் எவரும் வரவில்லை. பூட்டிய வீட்டுக்குள் நடந்த களவுதான் இது.

பக்கத்தை நடத்தும் கம்பனிக்கு மூன்று முறை முறையிட்டாயிற்று. ‘உங்கள் செய்தி கிடைத்தது’ என்று இயந்திரம் பதில் போட்டதோடு சரி. கிருசிகாவுக்கு எரிச்சல் வந்தது. அவளுடைய அப்பா குத்தகை வயல் செய்கிறவர். எத்தனை போகம் எரு போட்டாலும், காணிக்காரன் எழும்பு என்றால் வரம்பை விட்டு ஏறத்தான் வேண்டும். இங்கே காணிக்காரனின் முகம்கூடத் தெரியவில்லை.

கடவுச்சொல் தெரிந்தவர்கள் இரண்டு பேர். பாண்டிருப்பிலிருந்து வந்து வாடிக்கையாளருக்குப் பதில் எழுதும் மேனுஜா. போன வாரம் லீவு கேட்டு சுஹைறாவோடு முறுகியிருந்தாள். மற்றவர் பார்சல் கொண்டுபோகும் ஜெஸீம். அட்டாளைச்சேனையில் மனைவிக்கு அபாயாக் கடை போடப் போகிறாராம்.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், மண்டபத்தில் பர்ஹானின் தம்பி றினாஸ் உட்கார்ந்திருந்தார். பஸாரில் துணிக்கடை. மௌத்து வீட்டு அலுவல், மரணப் பதிவு எல்லாவற்றுக்கும் ஓடித் திரிந்தவர் அவர்தான். மேனுஜாவை நம்பிக் கடவுச்சொல் கொடுத்ததே பிழை என்று திரைக்கு அப்பாலிருந்து மதினிக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். அறை மூலையில் இருந்த மேனுஜா தலை நிமிரவில்லை.

சுஹைறாவின் தொலைபேசியை கிருசிகா வாங்கிப் பார்த்தாள். வைபை வேலை செய்தது. லைன் இருக்கவில்லை.

“நேத்துப் பகலையிலிருந்து இப்பிடித்தான் மிஸ். மழைக்கு டவர் பழுதாக்கும்.”

அந்நேரம் மேனுஜாவுக்கு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அவளும் சுஹைறாவும் பாவிப்பது ஒரே கம்பனி சிம் என்பதைக் கிருசிகா கேட்டறிந்தாள். பிறகு சுஹைறாவின் மின்னஞ்சலைத் திறந்தாள். ‘மறந்துபோன கடவுச்சொல் உங்கள் தொலைபேசி இலக்கத்தின் மூலம் மாற்றப்பட்டது’ என்று ஒரு வரி இருந்தது. அந்த இலக்கம், மூத்தவன் பிறந்த வருசம் பர்ஹான் எடுத்துக் கொடுத்ததாம்.

கிருசிகா முற்றத்தில் இறங்கி நெடுநேரம் தொலைபேசியில் பேசினாள்.

பகல் 11.40. ஜெஸீமும் வந்து மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். கிருசிகா திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்றாள்.

“பாஸ்வேர்ட் தெரிஞ்ச ஆளைத்தான் எல்லாரும் தேடினீங்க. தெரிஞ்ச ஆள் ஏன் மறந்துபோச்செண்டு சொல்லணும்? இது தெரியாத ஆள் செய்த வேல.”

மேனுஜா முதல்முறையாக நிமிர்ந்தாள்.

“டவர் பழுதெண்டா மேனுஜாட போனும் செத்திருக்கும். செத்தது இந்த சிம் மட்டும்தான். ஒரு நம்பருக்குப் புது சிம் எடுத்தா பழசு செத்துப்போகும். கோட் வந்திருக்கு, புது சிம்முக்கு வந்திருக்கு. நம்பர் பர்ஹான்ட பேரில. மௌத்தான ஆள்ட நம்பருக்குப் புது சிம் எடுக்க மரணப் பத்திரம் வேணும்.” மண்டபத்துப் பக்கம் திரும்பினாள். “மதினி இத்தாவில இருக்கா, வர ஏலா எண்டு சொல்லி நீங்கதான் எடுத்திருக்கிறீங்க எண்டு சிம் கம்பனி சொல்லுது, றினாஸ்.”

ஊரில் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள் என்றார் றினாஸ்.

கிருசிகா சுஹைறாவின் இலக்கத்தை அழைத்தாள். காதில் மணி போனது. சுஹைறாவின் கையிலிருந்த தொலைபேசி வாயே திறக்கவில்லை. மண்டபத்தில், றினாஸின் சட்டைப் பையில் ஏதோ அதிர்ந்தது.

றினாஸ் சொன்னார்: “இத்தாவில இருக்கிற பொம்புள யாவாரம் செய்யிறாளெண்டு பஸாரில என்ட முகத்துக்கு நேர கேட்டாங்க. தம்பி நான் இருக்கிறன், காக்காட குடும்பத்த நான் பாத்திருப்பன்.”

“பஸாரில உங்கட கடைக்கும் பெருநாள்தானே, றினாஸ்?” என்று திரைக்குள்ளிருந்து சுஹைறா கேட்டாள். “என்னப் பாக்கச் சொல்லி நான் கேக்கல்லயே.”

றினாஸ் சட்டைப் பையிலிருந்ததை எடுத்துக் கிருசிகாவிடம் நீட்டினார்.

களவு பிடிபட்டது, கடை கிடைக்கவில்லை. தான் போட்ட புதுக் கடவுச்சொல் மறந்துபோச்சென்று றினாஸ் சாதித்தார். அந்த சிம் சான்றுப் பொருளாக உறையில் போய்விட்டது. இலக்கத்தைத் திரும்ப எடுக்க இனி சுஹைறாவே நேரில் வர வேண்டும் என்றது சிம் கம்பனி, இத்தா முடியவோ பெருநாள் தாண்டும். அவள் ஒரு மணித்தியாலம் அழுதாள். அழுது முடித்து, மேனுஜாவைக் கூப்பிட்டு, எவனும் பூட்ட முடியாத கடை ஒன்று போட வேண்டும் என்றாள். சொந்தப் பெயரில் ஒரு இணையதள முகவரி வாங்கினார்கள். ஜெஸீம் பழைய பார்சல் விலாசங்களைக் கொண்டுவந்து கொட்ட, மேனுஜா தொண்டை கட்டும்வரை ஒவ்வொருத்தருக்காக அழைப்பெடுத்தாள். நாற்பதாயிரம் பேர் வரவில்லை. வந்தவர்களுக்குத் தைத்து முடிக்கவே பெருநாள் இரவாகிவிட்டது.

இத்தா முடிந்த மறுநாள் சுஹைறா முதலில் போனது தொலைபேசிக் கம்பனிக்குத்தான். கிருசிகாவும் கூட வந்தாள். கருமபீடத்திலிருந்த பெடியன் கணினியில் பர்ஹானின் பெயரைப் பார்த்துவிட்டு, ஹஸ்பண்ட் வரல்லயா என்று கேட்டான்.

“அவர் மௌத்து,” என்றாள் சுஹைறா. தன் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். “நம்பர என்ட பேருக்கு எழுதுங்க.”