லோவி கழுவிய மோதிரம்

"ஃபீன், எதைப் போட்டா வைரம் சீக்கிரம் பளபளக்கும்?"

ஃபீன் மாடிப்படியில் உட்கார்ந்து தன் புது ஷூவின் வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து வந்த கேள்வி உடனே அவள் மண்டைக்குள் ஏறவில்லை. ஏறியதும் ஒற்றை ஷூவோடு ஓடினாள்.

அங்கே லோவி ஸ்டூலின் மேல் நின்றிருந்தான். அவனுக்கு ஆறு வயது. கல்யாணத்துக்காகப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையில் முழங்கை வரை பற்பசை. சிங்க்குக்குள் ஷூ தேய்க்கும் பிரஷ் கிடந்தது. அவன் ஒரு கையில் அவனுடைய அம்மாவின் வைர மோதிரம். இன்னொரு கையில் கழிப்பறை கழுவும் ப்ளீச் பாட்டில். அதன் மூடியைப் பல்லால் கடித்துத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய்! கீழ வை அதை!"

ஃபீன் பாட்டிலைப் பிடுங்கினாள். லோவியின் உதடு பிதுங்கியது.

"அம்மா வர்றதுக்குள்ள கழுவி வெச்சா சந்தோஷப்படுவாங்கல்ல? பற்பசை போட்டுத் தேய்ச்சேன். அப்பவும் மங்கலாத்தான் இருக்கு."

"பற்பசை தங்கத்தைக் கீறிடும். ப்ளீச் தங்கத்தையே தின்னுடும்."

"தங்கத்தையா? அதுக்குப் பல்லு வலிக்காதா?"

ஃபீனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க நேரமில்லை. இன்று மதியம் ஆன்ட்வெர்ப் நகர மன்றத்தில் அவளுடைய அப்பா யோரிஸுக்கும் லோவியின் அம்மா ஹில்டாவுக்கும் கல்யாணம். ஹில்டா துறைமுகத்துக்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல் கடை வைத்திருக்கிறாள். நாள் முழுக்கக் கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் நிற்பதால், அப்பா கொடுத்த வைரம் மூச்சுக்காற்றை ஊதிய கண்ணாடி போல மங்கிப் போயிருந்தது. இன்று காலை அதைக் கழற்றி ஜன்னலோரத் தட்டில் வைத்து, "வந்து கழுவிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, தலை அலங்காரம் செய்துகொள்ளப் போயிருந்தாள்.

"கொடு இங்க. நான் செய்யறேன்," என்றாள் ஃபீன்.

போன வருடம் பள்ளியிலிருந்து வைரம் தீட்டும் பட்டறைக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். எப்படிக் கழுவுவது என்று அங்கே ஒருவர் காட்டியிருந்தார். ஃபீன் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்தாள். பாத்திரம் கழுவும் சோப்பை அதில் சில சொட்டு விட்டாள். மோதிரத்தை உள்ளே போடுமுன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

கல்லைப் பிடித்துக்கொள்ள நான்கு குட்டிக் கொக்கிகள் இருந்தன. அதில் ஒன்று வெளிப்பக்கம் வளைந்திருந்தது. நடுவில் வெறும் ஓட்டை.



"லோவி, கல்லு எங்க?"

"மோதிரத்துல."

"மோதிரத்துல இல்ல."

லோவி எட்டிப் பார்த்தான். அவன் காது இரண்டும் சிவந்தன.

"எங்க வெச்சுத் தேய்ச்ச?"

அவன் சிங்க்கைக் காட்டினான். "குழாயைத் திறந்து விட்டு..."

சிங்க்கின் ஓட்டை மூடியில்லாமல் கறுப்பாகத் திறந்து கிடந்தது.

ஃபீன் பிரஷ்ஷின் முடிகளைப் பிரித்துப் பார்த்தாள். பற்பசை நுரையை விரலால் துழாவினாள். லோவியின் சட்டைக் கையை உதறச் சொன்னாள். எங்கேயும் இல்லை.

சென்ற மாதம் சாப்பாட்டு மேசையில் அவள் சொன்ன வார்த்தை இப்போது நினைவுக்கு வந்தது. "எனக்கு இந்தக் கல்யாணம் பிடிக்கல." யாரும் திட்டவில்லை. ஹில்டா தலையைக் குனிந்து சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு ஃபீனுக்கு மெல்ல மெல்லப் பழகித்தான் போனது. லோவியின் கேள்விகளும் பழகின. ஆனால் அதை அவள் யாரிடமும் சொல்லவில்லையே! கல்யாண நாளன்று மோதிரக் கல் காணாமல் போனால், எல்லோரும் யாரைப் பார்ப்பார்கள்?

அப்போது சிங்க்குக்குப் பக்கத்தில் ஏதோ கடகடவென்று உறுமியது.

"பாத்திரம் கழுவற மிஷின்," என்றான் லோவி. "இப்போ தண்ணியைத் துப்பும்."

அது துப்பும் தண்ணீரும் இதே குழாய் வழியாகத்தான் போகும்! ஃபீன் பாய்ந்து மிஷினின் கதவை இழுத்துத் திறந்தாள். குப்பென்று ஆவி முகத்தில் அடித்தது. உறுமல் நின்றது.

"கீழே என்ன சத்தம்?" மாடியிலிருந்து அப்பா கத்தினார்.

"ஒண்ணுமில்லப்பா! நீங்க ஷேவ் பண்ணுங்க!"

ஃபீன் மண்டியிட்டு சிங்க்கின் கீழிருந்த கதவைத் திறந்தாள். வளைந்த குழாயின் அடியில் கோப்பை மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்தது. அடைப்பு வந்தபோது அப்பா அதைத்தான் திருகி எடுத்தார்.

"வாளி கொண்டா. டீ வடிகட்டியும். ஓடாத, நட."

லோவி ஓடினான்.

மூடி அசைய மறுத்தது. ஈரக் கை வழுக்கியது. ஃபீன் பாவாடை நுனியால் அதைச் சுற்றிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். கிரீச் என்றது. திடீரென்று கழன்றது. சாம்பல் நிறத் தண்ணீர் வாளியில் பாதியும் அவள் மடியில் பாதியுமாகக் கொட்டியது.

"ஐயே, நாறுது!"

"பேசாம வடிகட்டியைப் பிடி."

வாளித் தண்ணீரை வடிகட்டி வழியாக மெதுவாக ஊற்றினார்கள். ஒரு கேரட் துண்டு வந்தது. ஒரு சட்டைப் பொத்தான் வந்தது. காபித் தூள் வந்தது. வைரம் வரவில்லை.

லோவி சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தான். "கடலுக்குப் போயிடுச்சா?"

"போகலை," என்றாள் ஃபீன். அவளுக்கே நிச்சயமில்லை. ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதையும் சொல்ல முடியவில்லை.

கையிலிருந்த மூடியைப் பார்த்தாள். உள்சுவர் முழுக்க வெளுத்த கொழுப்பு அப்பியிருந்தது. பட்டறையில் கேட்டது சட்டென்று மனதில் ஓடியது. 'வைரத்துக்குத் தண்ணின்னா அலட்சியம். எண்ணெய்ப் பசையைக் கண்டா ஒட்டிக்கும். அதனாலதான் சீக்கிரம் மங்குது.'

ஒட்டிக்கொள்ளும்!

ஃபீன் மூக்கைச் சுளித்துக்கொண்டு அந்தக் கொழுப்பில் விரலை விட்டாள். சுவரோரமாக வழித்துக்கொண்டே வந்தாள். வழவழ. வழவழ. மறுபடியும் வழவழ.

பிறகு, நறுக்.

"லோவி," என்றாள். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "அசையாம இரு. மூச்சு கூட விடாத."

விரல் நுனியில் ஓர் அழுக்கு உருண்டை. அதைக் கிண்ணத்து சோப்புத் தண்ணீரில் மெல்ல இறக்கினாள். உடனே சிங்க்கின் ஓட்டையை அடைத்தாள். கொழுப்பு ஊறி இளகும்வரை இருவரும் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லோவியின் மெத்தென்ற பல் துலக்கும் பிரஷ்ஷால் பூப் போலத் தேய்த்தாள். வடிகட்டியில் வைத்து, இன்னொரு கிண்ணத்து நல்ல தண்ணீரில் அலசினாள். மோதிரத்தையும் அப்படியே கழுவினாள். பஞ்சு ஒட்டாத துணியில் ஒற்றி எடுத்தாள்.

ஜன்னல் வெளிச்சம் கல்லில் பட்டது. நீலமும் மஞ்சளுமாகச் சின்னச் சின்னத் தீப்பொறிகள் சுவரில் சிதறின.

"இத்தனூண்டா?" என்றான் லோவி. "இதுக்கா இவ்ளோ அழுதேன்?"

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"பசை!" லோவி இழுப்பறையை இழுத்தான். "என் விமானத்தை ஒட்டின பசை இருக்கு. ஒட்டித் தட்டுல வெச்சிடலாம். அம்மாவுக்குத் தெரியாது."

ஃபீன் அந்தப் பசைக் குழாயைப் பார்த்தாள். ஒரு சொட்டு போதும். யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஹில்டா கையை ஆட்டிப் பேசுகிறவள். இன்று எத்தனை பேர் அந்தக் கையைக் குலுக்குவார்கள்? நகர மன்றப் படியிலோ, சாப்பாட்டுக் கூடத்திலோ கல் விழுந்தால், எந்தக் குழாயைக் கழற்றித் தேடுவது?

"வேண்டாம். சொல்லிடலாம்."

"திட்டுவாங்க."

"திட்டட்டும்."

கதவு திறந்தது. கோபுரம் போல உயர்த்திக் கட்டிய தலைமுடியோடு ஹில்டா உள்ளே வந்தாள். வாளியைப் பார்த்தாள். தரையில் ஓடிய சாம்பல் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு இரண்டு பிள்ளைகளையும் பார்த்தாள்.

ஃபீன் உள்ளங்கையை நீட்டினாள். அதில் மோதிரம் தனியாக, கல் தனியாக இருந்தது.

"கழுவும்போது கழண்டுடுச்சு. குழாய்க்குள்ள போயிடுச்சு. தேடி எடுத்துட்டோம். ஆனா இது இப்போ மோதிரத்துல நிக்காது." அவள் ஹில்டாவை நிமிர்ந்து பார்த்தாள். "நான் வேணும்னு பண்ணல, ஹில்டா."

"அவ பண்ணவே இல்ல!" லோவி முன்னால் வந்து நின்றான். "நான்தான். ஷூ பிரஷ்ஷால."

ஹில்டா மோதிரத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஃபீன் தன் ஒற்றை ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கொக்கி ஒரு வாரமா என் ஸ்வெட்டர்ல மாட்டிக்கிட்டே இருந்துச்சு," என்றாள் ஹில்டா கடைசியில். "அப்புறம் பாத்துக்கலாம், அப்புறம் பாத்துக்கலாம்னு நான்தான் விட்டுட்டேன். நல்லவேளை, வறுவல்ல விழல. யாரோ ஒருத்தர் முழுங்கியிருப்பார்."

இன்னும் கல்யாண உடைக்கு மாறாததால், போட்டிருந்த கவுனோடு அந்த ஈரத் தரையிலேயே மண்டியிட்டாள்.

"வேணும்னு பண்ணலன்னு நீ சொல்லவே வேண்டாம், செல்லம். அழுக்கான உன் முழங்காலைப் பாத்தாலே தெரியுது."

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அப்பா படியிறங்கி வந்தார். "என்ன நடக்குது இங்க?"

"ஃபீன் சிங்க்கைக் கழட்டிச் சுத்தம் பண்ணியிருக்கா," என்றாள் ஹில்டா.

"கல்யாணத்தன்னிக்கா?"

"உங்களை நம்பினா எப்போ நடக்கும்?"

ஃபீன் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"நகைக்கடைக்குப் போனா சரி பண்ணித் தருவாங்களா?" என்று கேட்டாள்.

"இன்னிக்கு சனிக்கிழமை. ஸ்டேஷன் பக்கத்துல நமக்குத் தெரிஞ்ச கடைக்காரர் யூதர், சனிக்கிழமை அவருக்கு ஓய்வு நாள், கடை மூடியிருக்கும். அவசரத்துல செய்யற வேலையும் இல்ல இது." ஹில்டா கல்லில்லாத மோதிரத்தை விரலில் மாட்டிக்கொண்டாள். "இப்படியே போட்டுக்கறேன். கல்லை யாராவது பத்திரமா வெச்சுக்கணும்."

அவள் வைரத்தை மெல்லிய காகிதத்தில் மடித்து, மூடியுள்ள குட்டி டப்பா ஒன்றில் போட்டாள். அதை அப்பாவிடம் கொடுக்கவில்லை. கதவோரம் தொங்கிய ஃபீனின் கோட்டுப் பைக்குள் வைத்துப் பொத்தானையும் போட்டுவிட்டாள்.

"திங்கட்கிழமை பள்ளி விட்டதும் நீயும் நானும் போய்க் கொடுத்துட்டு வரலாம். வருவியா?"

"வர்றேன்," என்றாள் ஃபீன்.

நகர மன்றத்தில் அப்பாவும் ஹில்டாவும் "சம்மதம்" என்று சொன்னதும் கூடமே கைதட்டியது. ஃபீன் மட்டும் வலது கையைக் கோட்டுப் பையின் மேலிருந்து எடுக்கவே இல்லை. லோவி அதைக் கவனித்துவிட்டான். தன் உள்ளங்கையை அவள் முன்னால் நீட்டினான்.

ஃபீன் இடது கையால் அதில் அடித்தாள். பட், பட், பட்! அந்த வரிசையில் அவர்கள் இரண்டு பேர் தட்டிய சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.