அழகனுக்கு வந்த கடைசி அழைப்பு

சார்ஜரைச் சொருகினால் செத்துக் கிடந்தது, பிடுங்கினால் எழும்பியது. ஊரில் இருக்கிற போனெல்லாம் ஒரு விதமென்றால் அழகனுடைய போன் தனி விதம், அவனைப் போலவே. பிடுங்கிய வயரைக் கையில் வைத்துக்கொண்டு அவன் பெண்டாட்டி வினோதா பார்த்தாள். கறுப்புத் திரையில் கம்பனிப் பெயர் வெள்ளையாக வந்தது, கொஞ்ச நேரம் நின்றது, ஒரு தடவை அதிர்ந்தது, அணைந்தது. மறுபடி அதே பெயர். மறுபடி அதிர்வு. மறுபடி இருட்டு. நாய் வாலை நிமிர்த்துகிற கதைதான்.

"சனியனே," என்றாள் போனைப் பார்த்து. அவனைத்தான் சொன்னோமோ என்று உடனே தோன்றியது. தோன்றியதும் எரிச்சல் இன்னும் கூடியது.

அழகன் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் மெஷினில் நின்றவன். செத்த அன்று பொழுது சாய்கிற நேரம், வேலைக்கு நடுவில் ஒரு அழைப்பு வந்தது. பக்கத்தில் நின்ற செல்லசாமியிடம்கூட எதுவும் சொல்லாமல், "இந்தா வர்றேன், அழாத" என்று போனுக்குள் சொல்லிக்கொண்டே ஓடினான். வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் காலை கொழுந்தெடுக்கப் போன பெண்கள் ஐந்தாம் நம்பர் மலைக்குக் கீழே ஓடையில் அவனைக் கண்டார்கள். தவறி விழுந்ததாக எழுதிப் போலீஸ் முடித்துவிட்டது. வரிசை வீட்டு லயத்துச் சனம் அப்படி லேசில் முடிக்குமா? போனில் கேட்டது பெண் குரல் என்று செல்லசாமி வாய்விட்டதே போதும், பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நின்றவர்கள் எல்லோரும் "எவளோ கூப்பிட்டிருக்கா" என்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அதைவிட மோசம், வினோதாவின் மனசும் ஊரோடு போய்ச் சேர்ந்துகொண்டது. எவள் அவள்? அது தெரியாமல் அவளால் புருசனுக்காக ஒழுங்காக அழக்கூட முடியவில்லை.

பதில் இந்தச் சனியனுக்குள்தான் இருந்தது. தொழிற்சாலை டீமேக்கர் ஐயா போனில் லீவு தருவார், மறுநாள் "நான் எப்படா தந்தேன்" என்பார். அதற்காகவே வருகிற அழைப்பெல்லாம் தானாகப் பதிவாகும்படி அழகன் செய்து வைத்திருந்தான். போன் ஒரு தடவை ஒழுங்காக எழும்பினால் போதும், பெயரும் தெரியும், குரலும் கேட்கும்.

எழும்பினால்தானே. சட்டைப் பையில் ராத்திரி முழுக்க ஓடைத் தண்ணீரில் கிடந்த போன் அது. அரிசியில் போட்டு வைத்தால் ஈரம் போகும் என்றார்கள். காய்ந்த தேயிலைத் தூள் அரிசியைவிட ஈரத்தை இழுக்கும் என்று தோட்டத்தில் யாருக்குத் தெரியாது? டின் நிறையத் தூளைக் கொட்டிப் புதைத்து வைத்தாள். தூள் போய் சார்ஜ் ஓட்டையை அடைத்ததுதான் மிச்சம். தலவாக்கலை டவுனில் போன் திருத்துகிற நிப்ராஸ், "அரிசியில போடுறவங்களுக்கே நான் ஏசுறேன், நீங்க தேயிலை போட்டுக் கொண்டாந்திருக்கீங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பக்கத்துக் காம்பரா வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. திருவிழாக் கூட்டமென்று சனமெல்லாம் கோயிலுக்குப் போயிருந்தது. சாவு விழுந்த வீடு ஒரு வருசம் கோயில் காரியத்துக்குப் போகக்கூடாது என்பதால் வினோதாவும் மகள் தனுஜாவும் மட்டும் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்தார்கள். இன்னும் முழுசாக இருட்டவில்லை, அதற்குள் மூடுபனி தேயிலைச் செடிகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு முன் திண்ணை இஸ்தோப்புப் படிவரை ஏறி வந்திருந்தது. தகரக் கூரையில் தூறல் அரிசி கொட்டுவது போல விடாமல் விழுந்தது. ஈர விறகின் புகையோடு சூடேறிய போனிலிருந்து கிளம்பிய தேயிலை வாசமும் சேர்ந்து தொண்டையில் நின்றது. கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஓடை இரைந்துகொண்டிருந்தது. முன்னால் இஸ்தோப்பில் பல்ப் வெளிச்சத்தில் உட்கார்ந்து தனுஜா வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள்.

வினோதா தன் பட்டன் போனை எடுத்து நிப்ராசைக் கூப்பிட்டாள்.

"நிப்ராஸ் நானா, காலையில இருந்து இதே கூத்துதான். பேரு வருது, போகுது."

"சத்தம் குறைக்கிற பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து அமத்திப் பாருங்க தங்கச்சி. எழும்பினாலும் ஒரு நிமிஷம்தான் நிக்கும். அதுக்குள்ள பாக்க வேண்டியதைப் பாத்துருங்க. இல்லாட்டி ரீசெட் போடலாம், ஆனா உள்ளுக்கு ஒண்ணும் மிஞ்சாது."

"ரீசெட் வேணாம் நானா. எனக்கு அந்த உள்ளுக்கு இருக்கிறதுதான் வேணும்."

நிப்ராஸ் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, பக்கத்துல யாரும் இருக்காங்களா? நீங்க பேசி முடிச்ச பிறகும் உங்கட குரல் கேக்குது."

"இல்லையே, யாரும் இல்ல."

"லைன் சரியில்ல போல," என்றார் நிப்ராஸ். அழைப்பு அறுந்தது.

இரண்டு பட்டனையும் சேர்த்து அமத்தினாள். விரல் நுனி வலித்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. மறுபடி அமத்தினாள். பெயர் வந்தது. அதிர்ந்தது. அணைந்தது. சுவரில் அடித்து உடைக்கலாமா என்று கை துறுதுறுத்தது.

"அம்மா, கூப்பிட்டீங்களா?" என்றாள் தனுஜா வெளியிலிருந்து.

"இல்ல. எழுது."

மறுபடி பட்டன். இந்தத் தடவை பெயர் போகாமல் நின்றது. வினோதா மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"அம்மா, கூப்பிட்டீங்களா?"

திரும்பிய நொடியில் விரல் நழுவியது. திரை இருண்டது. அவளுக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது.

"எழுத வலிக்குதுன்னு சாக்கா தேடுற? இனி ஒரு தடவை கூப்பிட்டீங்களான்னு கேட்டுப் பாரு, முதுகுத் தோலை உரிச்சுப்புடுறேன்!"

வெளியே பென்சில் மட்டும் தாளில் உரசியது. தகப்பன் இல்லாத பிள்ளையை இப்படி ஏசிவிட்டோமே என்று நெஞ்சு சுட்டது. அந்தச் சூட்டையும் போன்மேலேயே காட்டி, பட்டனை நகம் வெளுக்க அமத்தினாள்.

எழும்பியது.

திரையில் தனுஜாவின் படம். அழகன் எடுத்தது. பூட்டைத் திறக்க மேலிருந்து கீழே, கீழிருந்து வலது பக்கம் விரலை இழுத்தாள். கை ஈரம். ஏற்கவில்லை. பாவாடையில் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தாள். திறந்தது. அழைப்புகள். கடைசியாக வந்தது எது? அந்த நாள். அந்தப் பொழுது.

பெயர்: வினோ.

அவளுடைய பெயர். அவளுடைய நம்பர்.

போன் அணைந்துவிட்டது. அன்றைக்கு அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கவும் முடியாது, பட்டன் போனில் ரீலோட் காசு தீர்ந்து இரண்டு நாளாக ராக்கைத் தட்டில் சும்மா கிடந்தது. தண்ணீர் புகுந்த போன் எதையாவது மாற்றிக் காட்டும், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டாள். சொன்னது அவளுக்கே ஒட்டவில்லை. மறுபடி அமத்தினாள். கெஞ்சினாள். "ஒரே ஒரு தடவைடா. எழும்புடா."

எழும்பியது.

அழைப்புகள். வினோ. பக்கத்தில் சின்ன ஒலிபெருக்கிக் குறி. தொட்டாள்.

முதலில் ரோலர் மெஷினின் இரைச்சல். "சொல்லும்மா," என்றான் அழகன். உயிரோடு இருந்த அழகன். பிறகு ஒரு பெண்ணின் விசும்பல்.

"என்னாங்க... பாப்பா ஓடையில விழுந்துட்டா. ஓடியாங்க. என்னால தூக்க முடியலைங்க."

வினோதாவின் குரல். அழகனிடம் மட்டும் அவள் பேசுகிற குரல், 'என்னாங்க'வில் அவள் போடுகிற இழுவையோடு. அந்தக் குரலுக்குப் பின்னால் காற்றில்லை, தண்ணீர்ச் சத்தமில்லை, எதுவுமே இல்லை.

"இந்தா வர்றேன், அழாத," என்றான் அழகன்.

எவளோ ஒருத்தியிடம் போகவில்லை. பிள்ளையைத் தூக்க ஓடியிருக்கிறான். செத்தவனை இத்தனை நாளும் வைதிருக்கிறாளே பாவி. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அன்று அந்த நேரம் தனுஜா இதே அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டது யார்? பொழுது சாய்ந்து வாசலில் யாராவது கூப்பிட்டால் பேயாக இருக்குமோ என்று மூன்று தடவை கேட்ட பிறகே பதில் கொடுப்பது லயத்து வழக்கம். போனில் யார் அதைப் பார்க்கிறார்கள்? பெயரே திரையில் வந்துவிடுகிறதே.

திரை இருண்டது. தூறல் எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஓடையின் இரைச்சலும் கேட்கவில்லை.

"பாப்பா."

வெளியே. பனிக்குள்.

"இங்க வா பாப்பா."

வினோதாவின் குரல். வினோதா வாயைத் திறக்கவில்லை.

"வர்றேம்மா," என்றாள் தனுஜா.

இந்தத் தடவை 'கூப்பிட்டீங்களா' என்று அவள் கேட்கவில்லை. ஏச்சு வாங்கிய பிள்ளை. பென்சில் உருண்டு விழுந்தது. படியில் செருப்புச் சத்தம். வினோதா பாய்ந்து வெளியே வந்தபோது இஸ்தோப்பில் வாய்ப்பாட்டுக் கொப்பி விரிந்து கிடந்தது. பல்ப் வெளிச்சம் படியோடு முடிந்தது. அதற்கப்பால் வெள்ளை.

"தனுஜா! போகாத! அம்மா இங்க இருக்கேன்!"

செருப்புச் சத்தம் நின்றது. பனிக்குள், கூப்பிடு தூரத்தில், மகளின் குரல் கேட்டது. வினோதாவிடம் பேசவில்லை. பக்கத்தில் நின்ற யாரிடமோ பேசியது.

"அம்மா, நம்ம காம்பராவுல இருந்து யாரோ உங்கள மாதிரியே கூப்பிடுறாங்க."

"திரும்பிப் பாக்காத பாப்பா," என்றது வினோதாவின் குரல். "ஓடு."

வினோதா வெறுங்காலோடு பனிக்குள் இறங்கிக் கத்திக்கொண்டே ஓடினாள். அவள் கத்தக் கத்த, முன்னால் போன சின்னச் செருப்புகள் இன்னும் வேகமாக ஓடைப் பக்கம் ஓடின.